எத்தனை நாள் உழைத்தது

கோத்தகிரியில் ஷட்டில் பறக்கும் விதம் வேறு.
மேட்டுப்பாளையத்துக் கடைக்காரர்
எழுபத்தேழு என்று எழுதிய குழாயைக் கொடுத்து
'எல்லா ஊருக்கும் இதுதான் போகுது' என்றார்.
இங்கே வந்தும் அது போய்க்கொண்டேயிருந்தது,
கோட்டைத் தாண்டி, சுவரைத் தட்டி,
சாக்கு அடுக்கின் மேல் விழும்வரை.
ஏறக்குறைய ஆறாயிரம் அடியில்
பிடித்து நிறுத்தக் காற்றுக்குத் தெம்பில்லை.
எழுபத்தைந்து அனுப்புங்கள் என்று
நான்தான் எழுதிப் போட்டேன்.

நான் பொருளாளர்.
நாலு பேர் குழுவுக்கு ஒரு பொருளாளர்.
பகலில் பச்சை இலை நிறுக்கிறேன்,
ராத்திரி அதே ஆலையின் பழைய வாட்டு மாடியில்
வலை கட்டுகிறேன்.
நோட்டில் ஐந்து கட்டம்:
தேதி, இறகு, வேகம், எத்தனை ஆட்டம், எதனால் செத்தது.

பஸ் ஓட்டுகிற பெள்ளி, வாத்து இறகுக் கட்சி.
'டயரா வாங்குறோம்? மலிவே போதும்.'
மூன்றாவது ஆட்டத்தில் ஒரு நரம்பு முறியும்.
அப்புறம் அது வரும் வழியெல்லாம்
தலையாட்டிக்கொண்டே வரும்,
சம்பள நாள் ஆள் மாதிரி.
கூஸ் ஐந்தாவது ஆட்டத்திலும் நேராக வந்தது.
விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

அடகுக்கடை பாரஸ்மல் இரண்டையும் தொடமாட்டார்.
பறவையிடம் பிடுங்கியது.
அவர் முறை வந்தால் நைலான்.
தகர டப்பாவில் வண்டு மோதும் சத்தம்,
ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும், ஒப்புக்கொள்கிறேன்.
தங்கம் நிறுக்கும் தராசை மட்டும் தந்தார்.
'நீங்களே வைங்க' என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.
ஐந்து கிராமும் கொசுறும்.
ஒன்று மட்டும் ஐந்தரையைத் தாண்டியது,
பயிற்சிக்கு என்று ஒதுக்கினேன்.
பதினாறு இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரணும்,
இடது என்றால் எல்லாம் இடது,
கலந்தால் சுழலாது என்று நான் சொன்ன அன்று
பாரஸ்மல் ஆடாமலே வீட்டுக்குப் போனார்.

மார்கழிப் பனியில் இறகு கண்ணாடி.
கெட்டில் மூக்கில் குழாயைக் காட்டினேன்,
சளி பிடித்த பிள்ளைக்கு ஆவி பிடிப்பதுபோல.
ஒரு ராத்திரி மூடி வைத்தால்
இரண்டு ஆட்டம் கூட உழைத்தது.
ஆடியில் அந்த வேலை இல்லை,
உடைந்த ஜன்னல் வழியே மஞ்சு வந்து
தானே செய்துவிட்டுப் போகும்.

ஜெசிந்தா அடித்தால்
ஆவியும் இல்லை, கூஸும் இல்லை.
அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
ஆட்டத்துக்கு ஒன்று.
கார்க் ஒரு மூலையில், பாவாடை ஒரு மூலையில்.
ஐந்தாவது கட்டத்தில் பக்கம் பக்கமாக
'ஜெ' என்றுதான் எழுதியிருக்கிறேன்.
'அவங்க ரெண்டு பங்கு குடுக்கட்டும்' என்றார் பெள்ளி.
நானும் தலையாட்டினேன்.
மறுநாள் இரண்டு பங்கை எண்ணி வைத்தாள்,
ரசீது கேட்டாள்.
கொடுத்தேன்.

பங்குனியில் பந்தலூருக்கு மாற்றல்.
அவள் இடத்துக்கு பாய்லர் பார்க்கும் போஜன் வந்தான்,
மெதுவாகத் தூக்கிப் போடுவான்.
ஒன்பது நாளில் தீரும் குழாய்
இருபத்தாறு நாள் வந்தது.
'இந்த லாட் நல்ல லாட்' என்றார் பெள்ளி.
கடைக்காரரும் ஆமாம் என்று சொல்லி
விலையை ஏற்றினார்.

பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
அதே கம்பெனி. அதே எழுபத்தைந்து. அதே கெட்டில்.
ஆண்டுக் கணக்கில் தரம் பற்றி ஒரு வரி எழுத வேண்டும்.
மிச்சம் நானூற்றுப் பத்து ரூபாய் என்று எழுதினேன்.
அது உண்மைதான்.

நேற்று பல்பு மாற்ற ஏணி போட்டோம்.
உத்திரத்தின் இடுக்கில் ஒன்று, தலைகீழாக,
பதினாறு இறகும் முழுசாக.
இவ்வளவு உயரம் போஜன் தூக்கமாட்டான்.
ஊதினேன், தூசி என் கண்ணிலேயே விழுந்தது.
'புதுசு மாதிரி இருக்கே, ஆடலாம்' என்றார் பெள்ளி.

தேதி எழுதினேன்.
கூஸ். எழுபத்தைந்து. ஆட்டம்: பாதி.
கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டு
அதைக் குழாய்க்குள் இறக்கி
மூடியை அழுத்தினேன்.