நாற்பத்தேழாம் கம்பி

ஆடி பிறந்து நான்காம் நாள். பணகுடிக்குத் தெற்கே
பதினொன்றாம் காற்றாலையின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே காற்று, பனைகளின் தலைமுடியைப் பற்றிக்
கிழக்கே இழுக்கிறது.
திரையில் காற்றின் வேகம்: சுழியம்.

ராத்திரி இரண்டேகால் ஆனால்
இந்தப் பெட்டிக்குக் காது அடைத்துப்போகிறதாம்.
மூன்று வாரப் புகார்.
பெட்டியை அணைத்து எழுப்பி, கெர்னலுக்குள்
சுவடு காட்டும் வரிகளைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன்,
எலி வரும் வழியில் மாவு தூவியவள் மாதிரி.

இரண்டேகால்.
கம்பியில் யாரோ கூப்பிடுகிறார்கள்.
பாதிக் கணக்கை அப்படியே போட்டு
பதிவேடுகளை அடுக்கிவைத்துவிட்டு ஓடுகிறது செயலி.
காற்றுமானியின் ஆளை உலுக்கிக் கேட்கிறது: நீயா?
நானில்லை.
அதிர்வுமானியின் ஆளை: நீயா?
நானில்லை.
திரும்பி வந்து, விட்ட எண்ணைத் தொடுமுன்
அதே கம்பி, அதே குரல்.

கெர்னல் பொறுமைசாலிதான். எண்ணிக்கொண்டே இருக்கிறது.
லட்சம் ஆனதும் ஒரு வரி எழுதுகிறது:
நாற்பத்தேழு, யாரும் சட்டை செய்யவில்லை.
எழுதிவிட்டுக் கம்பியையே அடைத்துவிடுகிறது.
காற்றும் அந்தக் கம்பியில்தான் வர வேண்டும்.

இன்னொருவர் யார் அதில்?
வரைபடத்தை விரித்தேன்.
கதவு. என் முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொள்ளும்
இதே இரும்புக் கதவின் சுவிட்ச்.
போன பதிப்பில் 'தேவையில்லை' என்று குறிப்பெழுதி
அதன் கையாளியை நீக்கியது யாரென்று தேடினேன்.
என் பெயர் இருந்தது.

"கதவு சேராதும்மா" என்றார் காவலாளி இசக்கிப்பாண்டி,
நைலான் கயிற்றைச் சிக்கெடுத்தபடி.
"ரெண்டு மணிக்கு மேல கணவாய்க் காத்து நேரா அடிக்கும்,
கயிறும் நிக்காது. சிவில்காரன்ட்ட சொன்னா எலெக்ட்ரிக்கல்ங்கான்.
அவன்ட்ட சொன்னா எங்களது இல்லைங்கான்.
எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

கோடு போட்ட நோட்டு.
இருபத்திரண்டு ராத்திரி, ஒரே கையெழுத்து:
2.15. கதவு சேரலை. மேலே சொல்லியாச்சு.

நீக்கிய நாற்பது வரிகளைத் திரும்ப வைத்தேன்.
கதவு கூப்பிட்டால் கேட்டுக்கொண்டேன் என்று சொல்லிக்
கம்பியை விடுவிக்கும், அவ்வளவுதான்.
பெட்டி எழுந்தது.
வினாடிக்குப் பத்தொன்பது மீட்டர் என்றது திரை.

தாழ்ப்பாளில் இரண்டு திருகாணி தொங்கிக்கொண்டிருந்தன.
என் வேலை இல்லை என்பது நாக்குவரை வந்தது.
"அண்ணாச்சி, ஸ்குரூ டிரைவர் இருக்கா?"

"அது ஸ்டோர்காரன்ட்டல்லா இருக்கும்."