பாயிண்ட் மூணு

பையன் காய்ச்சலுக்கு வாங்கின ரோஸ் கலர் மருந்து
பாதி மீந்திருந்தது.
பாபின் நேற்றிலிருந்து புல்லைத் தொடவில்லை.
ஸ்பூனில் ஊற்றிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டேன்.

"கீழே வைங்க மொதல்ல" என்றார் கோகிலவாணி டாக்டர்.
அமாக்ஸிசிலின் முயல் வாய்க்குள் போனால்
குடலின் நல்ல கிருமியெல்லாம் செத்து
பின்னாலேயே அதுவும் போய்விடுமாம்.
"முயலுக்கு வாந்தி வராதுங்க.
உள்ளே போனது போனதுதான்."

ராத்திரி ஷிப்டுக்கு லீவு சொன்னேன்.
செக்கிங்கில் ஆளில்லை என்று கத்தினான் தம்பிராசு.
முயலுக்கா?
ஆமா, முயலுக்கு.

அவிநாசி ரோட்டில் வயிற்றை அமுக்கிப் பார்த்து
அடைப்பில்லை என்றபிறகு எழுதினார்:
வலிக்கு மெலாக்ஸிகாம், பாயிண்ட் மூணு.
வாயுவுக்கு சிமெத்திகோன்.
குடல் நகர இன்னொன்று, பேர் நுழையவில்லை.

பனியனில் ஒரு தையல் விட்டுப்போனாலும்
பதினாறு வருசமாய்ப் பிடிக்கிற கண் இது.
இன்று ஊசி கழற்றிய சிரிஞ்சின் கோட்டில்
தடுமாறுகிறது.

துண்டில் சுற்றி,
முன்பல்லுக்குப் பக்கத்துச் சந்தில்
கொஞ்சங்கொஞ்சமாய்.
துப்பியது.
என் நைட்டியில் எத்தனை பாயிண்ட், உள்ளே எத்தனை?
திரும்பக் கொடுக்கட்டுமா?
டாக்டர் தூங்கியிருப்பார்.
கொடுக்கவில்லை.
அப்படியே மடியில் வைத்திருந்தேன்,
காது மட்டும் சில்லென்றிருந்தது.

பல்லடம் முதல் பஸ் ஹாரன் அடிக்கையில்
செய்தித்தாள்மேல் ஒரு புழுக்கை.
மிளகைவிடச் சின்னது.
பையனை எழுப்பிக் காட்டினேன்.
"இதுக்கா எழுப்பின?" என்றவன்
திரும்பப் படுக்கவில்லை.

ரெண்டாவதுக்கு
உட்கார்ந்திருக்கிறோம்.