கூடுதல் எழுத்து

அந்த வாசலில் தகரம் அடித்திருந்தார்கள்.
"மீன்கூடையில வந்துச்சு,
தேசராணிதான் தெருவுக்கே குடுத்தா"
என்றது குழாயடி.

ஆய்வகத்தில் அவள் வெறும் எண்.
பக்கத்தில் வயது, காசிமேட்டுச் சந்து,
தொழில்: மீன்.
முப்பதாயிரம் எழுத்து நீளத்துக்கு
புள்ளியில்லை, பத்தியில்லை,
மூச்சுவிட இடமில்லை.
சந்தில் மற்ற பதினொரு பேருக்கும்
ஒரே வாசகம்.
அவளுடையதில் மட்டும்
ஓரிடத்தில் சி போய் டி.

படி எடுக்கையில் விழுந்த பிழை
பின்னால் வரும் படிகளுக்குப் போகும்.
முன்னால் போனவற்றுக்குப் போகாது.
அவள் கொடுத்திருந்தால்
அந்த டி அவர்களிடமும் இருக்கும்,
பெரும்பாலும்.
அறிக்கையில் அந்தச் சொல்லை
விடாமல் எழுதினேன்.

கிளை நுனியில் ஒரு புள்ளி ஆனாள்.
சந்தில் யாரும் வரைபடம் பார்ப்பதில்லை.

தகரம் பிரித்த வாரம்
வார்ப்பு எதிரே உட்கார்ந்து
ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.
"சங்கரா, காலைல வந்தது. எடுத்துக்கோ கண்ணு,
யாரும் கிட்ட வர்றதில்ல."

சொல்லலாமா?
எண்ணுக்கும் முகத்துக்கும் நடுவே
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு கூறு வாங்கினேன்.
வீட்டில் மீன் தின்பது
நான் ஒருத்திதான்.