நான்கு கட்டம்

காப்பீட்டுப் படிவத்தில் நான்கு கட்டம்:
வீடு கட்டப்பட்ட ஆண்டு.
தெரியாது என்பதும் நான்கெழுத்துதான்.
எண்கள் மட்டும் என்கிறது
அடியில் பொடியெழுத்து.

மாவட்ட அலுவலகத்தில் வெர்னா
பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
பக்கத்து வீட்டுக்கும் அதே. எதிர்வீட்டுக்கும்.
ஏரிக்கரை வரை தெரு முழுக்க
ஒரே வயசு.
"பழைய கட்டடம் ஏடுகளோடு எரிந்துபோனது.
தெரியாததற்கெல்லாம்
ஒரு முழு எண்ணைப் போட்டுவைத்தார்கள்."
அவள் வீட்டுக்கும் அதுதானாம்.
சொல்லிக்கொண்டே
என் தாளில் ஊசி குத்தினாள்.

ரெய்னோ ஏடுகளை நம்புகிறவனில்லை.
கழிப்பறைத் தொட்டியின் மூடியைக் கவிழ்த்தான்.
பீங்கானின் வயிற்றில் முத்திரை:
1931 மே 6.
புதன்கிழமை. காலண்டரில் தேடிப் பார்த்தேன்.
ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தோம்.
பிறகு உறைத்தது, அது மூடியின் பிறந்தநாள்.
அதற்கு முன்பும் யாரோ இங்கே
முழங்கால் பனியில்
கொல்லைக்கு ஓடியிருப்பார்கள்.

மாடிப்படியில் வட்ட ஆணி.
அடுக்களை நிலையில் சதுர ஆணி.
சுவரிடுக்கில் ஃபின்னிஷ் செய்தித்தாள் ஒன்று,
தேதியிருந்த மூலையை மட்டும் எலி தின்றிருந்தது.
மிச்சத்தில் ஒரு பசு விலைக்கு,
நல்ல குணம், இடது கொம்பு இல்லை.

மார்ச்சில் கூரைப்பனி உருகி
அடுக்களை மச்சின் பலகை இரண்டு விழுந்தன.
உள்ளே கரேலென்று உத்தரங்கள்.
காப்பீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
பேனாவை மூடினார்.
"இங்கே தீவிபத்து நடந்திருக்கிறது.
நீங்கள் சொல்லவில்லையே."
அன்றிரவு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ரெய்னோ ஒரே தட்டை இரண்டு முறை கழுவினான்.

மரத்துக்கு வயது பார்க்கிற தெரோசியே வந்தது
சேறு உருகும் ஏப்ரலில்,
கையில் நீளத் துளைப்பான்.
சுவரைத் தேய்த்தாள். முகர்ந்தாள்.
நக்கியும் பார்ப்பாளோ என்று பயந்தேன்.
"கரி மேலாகத்தான் இருக்கிறது, மரம் வேகவில்லை.
இது எரிந்த வீடில்லை.
புகைபோக்கி இல்லாத சவுனா."

காடு வெட்ட வந்தவர்கள்
முதலில் எழுப்பியது அதைத்தானாம்.
குளித்தது அதில், குளிருக்குப் படுத்தது அதில்,
பிள்ளை பெற்றதும் பிணம் கழுவியதும் அதில்.
கையில் காசு சேர்ந்த பிறகு
பக்கத்தில் வீடு.
"உங்கள் ஆள் பக்கத்தில் கட்டவில்லை,
சுற்றிக் கட்டியிருக்கிறான்."
ரெய்னோவுக்குக் காது சிவந்தது.
சனிக்கிழமை தவறாமல்
ஆவியில் உட்காருகிறவன்;
பாட்டன் பேரிலேயே ஃபின்லாந்து இருக்கிறது.

பென்சில் கனத்தில் ஒரு குச்சியை உருவினாள்.
லென்ஸை வைத்து வளையங்களை எண்ணினாள், நெடுநேரம்.
காபி ஆறி ஆடை கட்டியது.
"1893இன் கோடையை முழுசாகப் பார்த்திருக்கிறது.
அடுத்த கோடையைப் பார்க்கவில்லை."
நடுவில் ஒரு பனிக்காலம்,
அதில் ஏதோ ஒரு நாள்
கோடரி.

அப்படியானால் 93ஆ, 94ஆ?
அடுக்களைக்கா, மாடிக்கா,
புதன்கிழமை மூடிக்கா,
போன வாரம் நாங்கள் அறைந்த பலகைக்கா?
நான் 1894 என்று எழுதினேன்.
டிசம்பருக்குள் வெட்டியிருக்கலாம் என்று
ரெய்னோ இன்னும் வாதாடுகிறான்.
துளைப்பான் விட்ட ஓட்டையில்
ஒயின் தக்கையைச் செருகியிருக்கிறான்.

மழை ஊறும் நாள்களில்
அடுக்களை முழுக்கப் புகை மணக்கும்.
கஞ்சி அடிப்பிடித்துவிட்டதென்று
பதினோரு வருஷம்
பழி சுமந்திருக்கிறேன் நான்.