பதினான்காவது பரிந்துரை

பிஷ்கெக்கில் அன்று முழுக்கப் பனி சேறாகிக்கொண்டிருந்தது.
புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுக் குழுவில்
குறிப்பெழுதுவது என் பொறுப்பு.
எனக்கு வேலை திசுக்களோடு. கண்ணாடித் தகடுகள் பேசாது.
அதனால்தானோ என்னவோ
பேசுகிறவர்களின் வார்த்தைகளை என்னிடம் விட்டிருந்தார்கள்.

பதினான்காவதற்கு வரும்போது
தேநீர் இரண்டு முறை ஆறியிருந்தது.
"வலி நிவாரணம் தடையின்றிக் கிடைப்பது
உறுதிசெய்யப்பட வேண்டும்."
நல்ல வாக்கியம். செயப்பாட்டு வினை.
செய்பவர் ஊரில் இல்லை.
கை தூக்கிவிட்டுச் சாப்பிடப் போக எல்லோரும் தயார்.

மேசைக் கடைசியில் சைராகுல்.
நாரின் பேருந்துப் பணிமனையில் கணக்கர்.
இடது மார்பு இருந்த இடத்தில்
கோட்டு சற்றே உள்வாங்கியிருக்கும்.
நோயாளிகளுக்கென்று ஒரு நாற்காலி போடச்
சங்கம் தீர்மானித்த முதல் ஆண்டு அது.
அந்த நாற்காலி மட்டும் கொஞ்சம் ஆடும்.

"யார்?" என்றாள்.
யார் என்றால் என்ன, என்றார் தலைவர் தோக்தோசுன்.
"உறுதிசெய்வது யார்? இரவு ஒன்பது பத்துக்கு?"

பிறகு பேரேடு வாசிப்பதுபோல் சொன்னாள்:
பக்கத்துக் கட்டில். பெயர் உர்கச். முதுகெலும்பில் நோய்.
மார்ஃபின் இருந்தது, இரும்பு அலமாரியில்.
சாவி மருந்தாளுநரின் சட்டைப்பையில்.
சட்டை அவர் வீட்டு ஆணியில்.
வீடு ஆற்றுக்கு அக்கரையில்.
ஒன்பது பத்திலிருந்து காலை எட்டு வரை
பத்து மணி ஐம்பது நிமிடம்.
"இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்."

யாரோ சட்டம் என்றார்கள்.
உண்மைதான்: ஒரு சாவி, ஒரு கையெழுத்து.
ஓஷிலிருந்து வந்த இளைய மருத்துவர் அடில்பெக்
பழகிவிடுவார்களே என்று ஆரம்பித்து
முடிப்பதற்குள் காது சிவந்துபோனார்.
சைராகுல் அவரைப் பார்க்கவில்லை.
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து
ஆறிய தேநீரை உறிஞ்சினாள்.

எழுதினேன். அடித்தேன். எழுதினேன்.
கடைசியில் நின்றது இது:
"இரண்டாவது சாவி இரவுச் செவிலியிடம் இருக்கும்."
ஐந்து சொல்.
ஐந்து சொல்லுக்காக அமைச்சகத்துக்குச்
சங்கம் எழுதிய கடிதங்கள் பதினொன்று.
பத்துக்குப் பதில் இல்லை.
பதினொன்றாவது, ஒன்றரை வருடம் கழித்து,
முத்திரையோடு திரும்பி வந்தது.

பிப்ரவரியில் தர ஆய்வுக்குக் கிளம்பினேன்.
நாற்பது கேள்விப் படிவம். டோலோன் கணவாயில்
லாரி ஒன்று குறுக்கே கிடந்து நான்கு மணி நேரம் தாமதம்.
அதுவும் நல்லதாயிற்று.
நாரின் மருத்துவமனையில் நான் போய் நின்றபோது
இரவு இரண்டு.
சாவி எங்கே, என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல்.
செவிலி ஷாயிர் கழுத்துக் கயிற்றை இழுத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
உடம்புச் சூடு அதில் இருந்தது.

படிவத்தில் "ஆம்" என்று குறிக்கப் பார்த்தால்
பேனா மை உறைந்திருந்தது.
ஊதி ஊதி எழுதினேன்.
உர்கச்சைப் பற்றி நாற்பதில் ஒரு கேள்வியும் இல்லை.
அவள் போய் மூன்று குளிர்காலம்.

அடுத்த ஊரிலும் சாவி இருந்தது.
அந்தச் செவிலி சிறு பெண். அலமாரியைத் திறந்து காட்டி
"பாருங்கள், நன்றாகத் திறக்கிறது" என்றாள், பெருமையாக.
உள்ளே ஒரு தட்டு. தட்டின் மேல் ஒன்றுமில்லை.
நவம்பரிலிருந்து ஒன்றுமில்லை.

திரும்பும் வழியில், சிக்னல் வந்த முதல் வளைவில்,
சைராகுலை அழைத்தேன். சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேருந்துகளின் இரைச்சல் மட்டும்.
அப்புறம், "அப்படியானால் பதினைந்தா?" என்றாள்.
பதினைந்து, என்றேன்.
"அந்த நாற்காலிக்கு அடியில்
ஏதாவது அட்டையை மடித்து வை. நான் வருகிறேன்."