சரக்குப் பட்டியல்

ஹோண்டுராஸ் எல்லைக் கிடங்கில் எனக்கு வேலை
பெயர் மாற்றுவது.
பெட்டிக்குள் துப்பாக்கி, தாளில் மண்வெட்டி.
தோட்டா என்றால் விதைச் சோளம்.
கண்ணிவெடிக்கு மட்டும் சொல் கிடைக்காமல்
ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்: சமையல் பாத்திரம், மூடியுடன்.

பணம் வடக்கிலிருந்து வந்தது.
கோகோ ஆற்றின் இக்கரை எங்களுடையது,
அக்கரை நிகரகுவா.
நடுவில் சாகிற பையன்கள் யார் கணக்கு என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்:
அந்தப் பையன்களின் ஊரைக் கொளுத்தியது
அவர்கள் அரசாங்கமேதான்.
படகோட்டி ஆன்செலின் முதுகில்
தீத்தழும்பைப் பார்த்திருக்கிறேன்.
அவன் கேட்டது வீடு திரும்ப ஒரு வழி.
எங்கோ யாரோ அதைப் படித்துவிட்டுப்
பெட்டிகள் அனுப்பினார்கள்.

போர் முடிந்தது.
அதாவது, பணம் நின்றது.
அடுத்த மழைக்கு முன் ஒரு கடிதம்,
லெவீனியா வில்ஃபிரட், அக்கரை, பென்சிலில்:
நிலம் இருக்கிறது. என் ஆன்செல் இல்லை.
நாற்பது மண்வெட்டி கிடைக்குமா?

மேலாளர் எவாரிஸ்தோ கோப்பைப் புரட்டினார்.
'இவர்களுக்கு ஏற்கெனவே
நாலாயிரத்து இருநூறு போயிருக்கிறதே!'
நிராகரிப்பு முத்திரை.
அவர் புதியவர். நிஜமாகவே நம்பினார்.
நான் மை ஒற்றும் தாளை நீட்டினேன்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
சரி.
அம்பை மண்வெட்டி என்று
அழகான கையெழுத்தில் எழுதியவனை?

லெவீனியா,
அந்த நிலத்தில் கால் வைக்காதே.
பாத்திரங்கள் நூற்றுப் பதினாறு.
எங்கே புதைத்தார்கள் என்று
என் தாளில் இல்லை.