குறி

குதிரையை நான் நேரில் பார்த்தது
நூற்றுப் பத்தாவது குதிரையைக் கீறி முடித்த பிறகு.
அதுவரை கிரான் பக்கத்து மாடுகள்தான்.
கொம்பைக் கழித்து, கழுத்தை நீட்டி,
பிடரியில் நாலு இழுவை இழுத்தால் சரி.
இதழுக்கு ஆறு படம், படத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மூலையில் 'செல்டன்' என்று ஒப்பமிடுவேன்.
வீட்டில் என் பெயர் செசில்டா.

பார் வீதி அச்சகத்தின் பின்னறை.
அச்சில் வருவதைப்போல் இரண்டு மடங்குப் பலகைத்தாள்.
முதலில் நீலப் பென்சில், அது கமராக் கண்ணுக்குத் தெரியாது.
பிறகு மை. பிறகு பிழைக்கு மேல் வெள்ளை.
ஷெரிப்பின் மூக்கு மூன்று தரம் வெள்ளைக்குள் போய் வந்தது.
சித்திரை வெக்கையில் முழங்கை வியர்த்து
ஒருநாள் வானம் முழுக்க மை பரவிற்று.
ஆசிரியர் ஒக்கர்ஸ் குனிந்து பார்த்துவிட்டுக்
கதையில் ஒரு புழுதிப் புயலைச் சேர்த்தார்.
இரவு ரயிலில் கொழும்புக்குப் போன படம்
நாகத் தகட்டோடு திரும்பி வந்தது.

இதழ் வந்த மூன்றாம் நாள் வேலாப்போடி வந்தார்,
கக்கத்தில் சுருட்டிய புத்தகம்.
"ஆர்ர குதிரை இது?"
வங்கியைக் கொள்ளையிட்டவன் தப்பிப் போகும் குதிரை.
பின்தொடையில் ஒரு வளையம், அதற்குள் வேல்.
மாதவனையில் செவலைப் பசுவொன்றைப் பார்த்துக் கீறியபோது
தொடையோடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது.
கதையில் குறி பார்த்துச் சுடுவார்கள்.
எங்கள் பக்கம் குறியையே சுடுவார்கள்.
எனக்கு அது கோடு. அவருக்கு அது குடி.

"களவு போன மாடெண்டு பொலிசில எழுதி வச்சிருக்கன்.
மறுகா நீ அதில கள்ளனையும் ஏத்தி உட்டிருக்காய்."

மூலப் படத்தை எடுத்து வைத்து,
குறியின் மேல் பூசத் தூரிகையை நனைத்தேன்.
கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்:
"அத அழிக்காத, புள்ள. கள்ளன மட்டும் இறக்கு."

இறக்கினேன்.
தொப்பி, துப்பாக்கி, பணமூட்டை எல்லாம் வெள்ளை.
ஆளில்லாத குதிரை பாலைவனத்தில் ஓடிற்று.
அவர் திருப்தியாக ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

தொண்ணூறில் பட்டியோடு மாடுகள் போயின.
ஆர் சாய்த்துக்கொண்டு போனதென்று
நீலப் பென்சிலில்கூட ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
குறியிரும்பும் போயிற்று.

போன மாதம் அவருடைய பேரன் மிதுர்ஷன் தொலைபேசியில்:
ஒன்பது கன்று வாங்கியிருக்கிறானாம்,
குறியைப் பதிய வேண்டுமாம், வடிவம் ஒருவருக்கும் நினைவில்லையாம்,
"உங்களிட்ட ஒரு குதிரை இருக்காமே?"

இருந்தது. கட்டிலுக்கடியில், கறையான் ஒரு மலையைத் தின்ற மிச்சம்.
கொல்லனுக்கு இடம்வலம் மாற்றிக் கொடுக்க வேண்டும்,
இரும்பும் அச்சுத் தகடும் அந்த விஷயத்தில் ஒரே சாதி.
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து,
மேலே எண்ணெய்த்தாள் பிடித்து வளையத்தைத் தொடங்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
வெள்ளை பழுத்து, வெடித்து,
அதற்கடியிலிருந்து தொப்பி வந்துகொண்டிருந்தது,
தொப்பிக்குக் கீழே சிரிப்பின் ஒரு பக்கமும்.

வெள்ளைப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தேன்.
கல்லாய்க் கிடந்தது.